படுவான்கரைக்கு மாலை பஸ்: மகஜரில் எதைக் கேட்பது?

கொக்கட்டிச்சோலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் போக்குவரத்துப் பற்றி ஒரு மகஜர் அனுப்பப்போகிறது. அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவள் என்று எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். யோசனை கேட்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு உள்வீதி அகலமாகி தார்க் கார்ப்பட் விழவேண்டும். மற்றக் கட்சிக்கு பஸ் வேண்டும். தலைவர் நல்ல மனிதர், யாரையும் பகைக்கமாட்டார். "இரண்டையும் எழுது மகள்" என்கிறார். இரண்டையும் எழுதினால் எது கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். வீதிக்குக் கல் நடலாம், திறப்புவிழா வைக்கலாம், பெயர்ப்பலகை மாட்டலாம். ஆறு மணி பஸ் ஆறு மணிக்கே வந்தால் அதற்கு யார் நாடா வெட்டப்போகிறார்கள்?

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயல் வட்டையும் குளமும் ஊர்களுமாகக் கிடப்பது எங்கள் படுவான்கரை. முன்பு மண்முனையில் வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவைப் படகுதான். அது அக்கரையில் நின்றால் இக்கரையில் நாங்கள் வெயிலில் நிற்கவேண்டும். ஜப்பான் உதவியில் கட்டிய மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபோது அம்மா பாலத்தின் நடுவில் நின்று அழுதா. பிரசவத்துக்குப் போன எத்தனை பெண்களைத் துறையில் பார்த்தவ. பாலத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பாலத்தில் ஏறிப் போவதற்கு ஏதாவது வேண்டுமே. சொந்த வாகனம் உள்ளவனுக்கு அது பாலம், இல்லாதவனுக்கு வேடிக்கை பார்க்கிற இடம்.

காலையில் பிரச்சினை குறைவு. மாலையில்தான் எல்லாம். எனக்கு நாலேகாலுக்கு வேலை முடியும். பஸ் நிலையத்தில் போய் நின்றால், கடைசி பஸ் வருமா வராதா என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. கச்சான் விற்கிற அண்ணனிடம்தான் கேட்போம். அவர் "நேற்று வரல்ல, இண்டைக்கு வரும்போல" என்றால் நிற்போம். புடைவைக்கடையில் வேலைசெய்கிற ஒரு பிள்ளை, கிளினிக் காட்டிவிட்டு மருந்துப் பையோடு நிற்கிற ஒரு வயதானவர், நான், இன்னும் இரண்டு மூன்று பேர். பஸ் வராத நாளில் ஆள் சேர்த்து ஆட்டோ பிடிப்போம். அந்தப் பிள்ளைக்கு அன்றைய சம்பளத்தில் பெரும்பங்கு அதோடு போய்விடும். வயதானவர் எங்களோடு ஏறமாட்டார். "மருமகன் வருவான்" என்பார். அந்த மருமகனை நான் இதுவரை கண்டதில்லை.

ஸ்கூட்டி இருக்கிறது, ஓட்டவும் தெரியும். பொழுது பட்டால் எங்கள் பக்கம் யானை இறங்கும். வளைவில் திரும்பும்போது எதிரில் நின்றால் ஸ்கூட்டியில் என்ன செய்வது? வீட்டில் இவர் பழைய ஆல்ட்டோ ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். லீசிங் காசு கட்டினால் என் சம்பளத்தில் பாதி அதற்கே. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுத்தான்.

இப்போது கேள்வி. மகஜரில் பஸ் மட்டும் கேட்பதா, வீதியையும் சேர்ப்பதா? பஸ் என்றால் யாரிடம், எப்படிக் கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது? "அரசாங்கம் பஸ் ஓட்டுவதே பிழை, தனியாரிடம் விட்டால் தானாக வரும்" என்று என் தம்பி வாதாடுகிறான். தனியார் தானாக வருவதாக இருந்தால் இத்தனை காலம் ஏன் வரவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செங்கலடித் தம்பி:

அக்கா, ஆல்ட்டோவை வாங்குங்கள். மகஜர் எழுதி, அது மேசை மேசையாகப் போய், கூட்டம் வைத்து, பஸ் வருவதற்குள் உங்களுக்குப் பென்சன் வந்துவிடும்.

காரை ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் மெயின் ரோட்டில் வீடு உள்ளவர்கள். இராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் பஸ்ஸா வரும்? என்னைக் கேட்டால் அரசாங்கம் செய்யவேண்டியது ஒன்றுதான்: வாகன வரியைக் குறைப்பது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், ஐந்து வருடம் பழைய வாகனம் புதிய வாகன விலைக்கு விற்றது. மறுபடி திறந்தும் வரிக்கு மேல் வரி. பஸ்ஸும் விடமாட்டார்கள், காரும் வாங்க விடமாட்டார்கள் என்றால் மனிதன் என்ன செய்வது? வீதியையும் கேளுங்கள். கார்ப்பட் ரோட்டில் பஸ்ஸும் ஓடும்.


கல்முனை பஸ்காரன்:

தங்கச்சி, கோபிக்காமல் கேளுங்கள். உங்கள் தம்பி சொல்வதும் முழுக்கச் சரியில்லை, நீங்கள் நினைப்பதும் முழுக்கச் சரியில்லை.

கல்முனை–மட்டக்களப்பு ரோட்டில் ஏன் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் ஓடுகிறது? மருதமுனை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று வழி முழுக்க ஊர். கல்லாற்றில் ஏறினவர் களுவாஞ்சிக்குடியில் இறங்குவார், அதே சீட்டில் அங்கே ஒருவர் ஏறுவார். ஒரு சீட்டை ஒரு ட்ரிப்பில் மூன்று தரம் விற்கலாம். உங்கள் பக்கம் காலையில் நிறைந்து டவுனுக்கு வரும், திரும்பி வெறுமையாகப் போகும். மாலையில் நிறைந்து போகும், வெறுமையாகத் திரும்பும். சீட்டை ஒரு தரம்தான் விற்கலாம். டீசல் இரண்டு பக்கமும் எரியும்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் சாரதிக்கும் கொண்டக்டருக்கும் மாதச் சம்பளம் அனேகமாகக் கிடையாது. அன்றைய கலெக்ஷனில் அவர்கள் பங்கு. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இருட்டில் படுவான்கரை போய்வர எவன் வருவான்? பெர்மிட்டில் அந்த ட்ரிப் எழுதியிருக்கும். ஓட்டினால் நட்டம், வெட்டினால் யாரும் கேட்பதில்லை. எது நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் "தனியார் தானாக வரும்" என்பது கடலோரத்துக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது. "அரசாங்கமே ஓட்டட்டும்" என்றாலும் பஸ்ஸும் ஆளும் இருக்கிற இடத்தில்தான் ஓடும். நான் சொல்வது, அந்த ட்ரிப்பை அரசாங்கம் விலைக்கு வாங்கட்டும். ஓடின கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கொடுக்கட்டும், ஓடாத நாளில் வெட்டட்டும். இது புதுக் கதை இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ் 2005இலிருந்து இப்படி அரசாங்க மானியத்தில்தான் ஓடுகிறது, அதில் தனியார் பஸ்ஸும் உண்டு. இலாபம் வராத கிராமத்து ரூட்டுகளுக்கும் இதே மாதிரி ஒரு திட்டம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இருக்கிறது. அதைப் பிடியுங்கள்.


வந்தாறுமூலை மாணவி:

பட்டிப்பளைப் பக்கத்திலிருந்து கம்பஸுக்கு வருகிறவள் நான். டவுனில் இறங்கி அடுத்த பஸ் மாறவேண்டும். எங்கள் சீசன் டிக்கட் அரசாங்க பஸ்ஸில்தான் செல்லும், தனியார் பஸ் வந்தால் காசு கொடுத்துத்தான் ஏறவேண்டும். எந்த பஸ் வந்தாலும் சீசன் செல்லவேண்டும் என்று மகஜரில் ஒரு வரி போடுங்கள் அக்கா.

தமிழ்நாட்டில் 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கட் இல்லை. இங்கே அப்படிக் கேட்டால் என்ன?


கொக்கட்டிச்சோலைக்காரி:

தங்கச்சி, சீசன் விஷயத்தைக் கட்டாயம் சேர்க்கிறேன். இலவசம் கேட்கமாட்டேன். வராத பஸ்ஸில் இலவசமாகப் போய் என்ன? காசு கொடுக்கிறேன், வரட்டும்.

செங்கலடித் தம்பி, இராத்திரி இழுப்புக்குக் கார் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஊருக்கு இரண்டு வாகனம் இருந்தாலும் போதும், வீட்டுக்கொன்று தேவையில்லை. 2022ஐ அதற்குள் மறந்துவிட்டீர்களா? பெற்றோலுக்குக் கியூஆர் கோட் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் 470 ரூபா. எங்கள் வீதியில் கார் வைத்திருந்தவர் இரண்டு நாள் பெற்றோல் செட்டில் படுத்துக் கிடந்தார், பெற்றோல் வந்தபோது காரைத் தள்ளிக்கொண்டு போனார். நாங்களும் சேர்ந்துதான் தள்ளினோம். நல்ல மனிதர், பிறகு எல்லாருக்கும் சோடா வாங்கித் தந்தார். எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் போன நாட்டில் எல்லாரும் தனித்தனி வாகனத்துக்கு மாறுவது எப்படி வழியாகும்?

வரியைப் பற்றி நீங்கள் சொன்னது இன்னொரு பக்கமும் வெட்டும். நான் ஒரு கார் வாங்கினால் திறைசேரிக்கு வரி வரும். ஒரு பஸ் விட்டால் திறைசேரியிலிருந்து காசு போகும். எங்களை பஸ் நிலையத்தில் காக்க வைத்துக் காக்க வைத்துக் கார் வாங்க வைப்பதில் யாருக்கு இலாபம்? யாரும் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

பஸ்கார அண்ணன், சீட்டை மூன்று தரம் விற்கிற கணக்கை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிச்சம் நன்றி.


பேர்ன் மட்டக்களப்பான்:

நான் சுவிஸில். "சுவிஸ் கதை பேசாதே" என்று யாராவது தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன், இங்கேயும் வீட்டுக்கு வீடு கார் உண்டு, என்னிடமும் உண்டு.

ஆனால் மலைமேல் நூறு வீடு உள்ள ஊருக்கும் மஞ்சள் தபால் பஸ் போகும். அதில் நாலு பேர் இருப்பார்கள், சில வேளை நான் மட்டும் இருப்பேன். டிக்கட் காசில் அது ஓடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து "இந்த ஊருக்கு இத்தனை பஸ்" என்று கம்பனியிடம் வாங்குகின்றன, விழுகிற துண்டைக் கட்டுகின்றன. கல்முனை நண்பர் சொன்ன அதே ஏற்பாடுதான். அடுத்தது, 1982இலிருந்து நாடு முழுக்க ரயில் ஒரே நிமிடக் கணக்கில் ஓடுகிறது. ஒரு தரம் ஏழு மணி பத்து நிமிடம் என்றால் அடுத்தது எட்டு மணி பத்து. பஸ்ஸும் அதைப் பார்த்துத்தான் வரும். அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை, தலையிலேயே இருக்கும்.

அடிக்கடி பஸ் கேட்காதீர்கள், கிடைக்காது. குறைவாகக் கேளுங்கள், நிச்சயமாகக் கேளுங்கள். நாளுக்கு நாலு பஸ் போதும், ஆனால் அந்த நாலும் வரவேண்டும்.


முன்னாள் டைம்கீப்பர்:

மகள், உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். பஸ் நிலையத்தில் இருந்து தேய்ந்தவன் நான். கச்சான்காரரிடம் நேரம் கேட்கவேண்டியிருக்கிறது என்றது சுட்டுவிட்டது. அது எங்கள் வேலை.

கொஞ்சம் பழைய கதை. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. அதற்கு முன் கம்பனிகள் நல்ல ரூட்டுக்கு அடிபட்டன, நட்ட ரூட்டை எட்டிப் பார்க்கவில்லை. சபை இரண்டையும் சேர்த்து ஓட்டியது. கடலோரத்தில் வருகிற இலாபத்தை வைத்து உள்ளூருக்கு ஓட்டலாம். 1979இல் தனியாரை மறுபடி விட்டார்கள். தனியார் எங்கே வருவார்? கடலோரத்துக்குத்தான் வந்தார். சபையிடம் இலாப ரூட் பங்குபோய், நட்ட ரூட் அப்படியே மிஞ்சியது. மறுகா துண்டு துண்டாகப் பிரித்து, 2005இல் திரும்பச் சேர்த்தார்கள். இன்றைக்கு இரண்டு பக்கத்தையும் ஒரே நேர அட்டவணையில் போடலாம் என்று வாய் திறந்தால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வரும். பழைய காலம் எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன், அப்போதும் பஸ் பழுதாகும், ஃபுட்போட்டில் தொங்கித்தான் வருவார்கள். ஆனால் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று புத்தகத்தில் எழுதவேண்டும், மேலே பதில் சொல்லவேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மாலை பஸ் என்று கேட்காதீர்கள். ஊரில் தங்குகிற பஸ் கேளுங்கள். அந்த நாளில் தூர ஊர்களுக்கு அப்படித்தான். கடைசி பஸ் இரவு ஊரிலேயே நிற்கும், சாரதியும் கொண்டக்டரும் அங்கேயே படுப்பார்கள், விடிய முதல் பஸ்ஸாக அதுவே கிளம்பும். கல்முனைத் தம்பி சொன்ன வெறுமை ட்ரிப் இருக்கிறதே, மாலையில் திரும்புவதும் விடியற்காலை போவதும், அந்த இரண்டும் இல்லாமல் போகும். இரண்டு பக்கமும் நிறைந்த பஸ். மானியம் கேட்டாலும் கால்வாசி கேட்டால் போதும்.

ஆனால் ஊரும் ஒன்று செய்யவேண்டும். படுக்க ஒரு அறை, கழிவறை, குளிக்கத் தண்ணீர், இரவுச் சாப்பாடு. இது இல்லாமல்தான் பல ஊரில் தங்கல் பஸ் நின்றுபோனது. சாரதி சீட்டில் படுத்து நுளம்புக்கடி பட்டு எத்தனை நாள் வருவான்?

யாருக்கு எழுதுவது என்றால், மாகாணத்துக்குள் ஓடுகிற தனியார் பஸ் பெர்மிட் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையின் கையில். அரசாங்க பஸ் என்றால் டிப்போ. இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள், இரண்டு கடிதத்திலும் மற்றவர் பெயர் தெரியட்டும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் வாசிக்க வையுங்கள், அங்கே வாசித்தால் கூட்டக் குறிப்பில் ஏறும். குறிப்பில் ஏறினதை அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். ஒப்பம் சேர்ப்பதைவிட இது பெரிது.


செங்கலடித் தம்பி:

ஐயா சொல்வது நல்ல யோசனை. ஆனால் அதே ஆட்கள் அதே கதிரையில்தான் இருக்கிறார்கள். ஆறு மாதம் ஓடும், பிறகு பஸ் பழுது என்பார்கள். அக்கா, காரைக் கைவிடாதீர்கள்.


முன்னாள் டைம்கீப்பர்:

தம்பி, கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கு மட்டும் எங்கிருந்து பஸ் வருகிறது? வரிசையாக நிற்கும், இராத்திரி முழுக்க ஓடும். அன்றைக்கு வருகிறது என்றால் பஸ்ஸும் இருக்கிறது, ரோட்டும் இருக்கிறது, ஓட்டுகிற ஆளும் இருக்கிறார்.


கொக்கட்டிச்சோலைக்காரி:

தேரைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள் ஐயா. கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் போகிறேன்.

வீதியை எடுத்துவிட்டேன். கார்ப்பட் கட்சிக்காரர் ஒருவர் நேற்றே வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய மகள்தான் புடைவைக்கடையில் வேலைசெய்கிற பிள்ளை. அதை நினைவுபடுத்தினேன், அப்போதும் "ரோட்டைப் போட்டால் மோட்டார் சைக்கிளில் நானே ஏற்றிவருவேன்" என்றார். ஏற்றிவந்தால் நல்லதுதான், ஆனால் அவருக்கும் வட்டையில் வேலை இருக்கிறதே.

கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை. டவுனிலிருந்து ஐந்தரைக்குப் புறப்பட்டு ஊரில் தங்கி, விடிய ஆறு மணிக்குத் திரும்புகிற ஒரு பஸ். அரசாங்கமா தனியாரா என்பதை நாங்கள் கேட்கவில்லை. ஓடின நாளுக்கு மானியம், ஓடாத நாளுக்கு வெட்டு. வராவிட்டால் ஐந்து மணிக்குமுன் சங்கத்தின் நம்பருக்குச் சொல்லவேண்டும். சீசன் அதில் செல்லவேண்டும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் சங்கம் பொறுப்பு என்று தலைவர் ஒப்பம் வைக்கிறார். சமையல் எங்கள் மாதர் சங்கத்தின் தலையில் விழும் என்று தெரியும், அதையும் முறை வைத்துப் பிரித்துவிட்டோம்.

ஆல்ட்டோ இன்னும் விற்பட்டுப் போகவில்லை. இவர் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.


கல்முனை பஸ்காரன்:

தங்கச்சி, கடிதம் நல்லாயிருக்கிறது. டெண்டர் போட்டால் எனக்கும் ஒரு சொல் சொல்லுங்கள், கணக்குப் பார்க்கலாம். ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. ஆளுக்கு அறை சொன்னீர்கள், பஸ்ஸுக்கு? இரவில் யானை வருகிற ஊரில் பஸ்ஸை வெளியில் விட்டால் காலையில் கண்ணாடி இருக்காது. மதில் உள்ள வளவு ஏதும் இருக்கிறதா?


கொக்கட்டிச்சோலைக்காரி:

பாடசாலை வளவுக்கு மதில் இருக்கிறது அண்ணன், வாசல் கேட்டும் பஸ் நுழைகிற அகலம்தான். திறப்பு அதிபரிடம். திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன்.